விடுபட்ட பக்கங்களுடன் முழுமையான சான்று நகல் கோரும் மனு

பெறுநர்:
தகவல் அதிகாரி அவர்கள்,
மாவட்ட நில அலுவலகம், பினாங்கு.

மதிப்பிற்குரிய ஐயா,

பொருள்: மறைந்த என் தந்தையாரின் நில இழப்பீட்டுக் கோப்பு

வணக்கம். 1960ஆம் ஆண்டு நிலக் கையகப்படுத்தும் சட்டத்தின் கீழ், சாலை விரிவாக்கத்துக்காகச் செபராங் பிறையில் எங்கள் வீட்டு நிலத்தின் ஒரு பகுதி எடுக்கப்பட்டது. அப்போது என் தந்தையாருக்கு வழங்கப்பட்ட, இழப்பீட்டுத் தீர்ப்பைக் கூறும் ஜி பாரத்தையும், அதற்கு முன் நடந்த விசாரணையின் குறிப்புகளையும் வாரிசு என்ற முறையில் கட்டணம் செலுத்திக் கேட்டிருந்தேன்.

கிடைத்த விசாரணைக் குறிப்பின் மேல்மூலையில் 1, 2, 5 என்று கையால் எழுதிய எண்கள் உள்ளன. இரண்டாம் பக்கம், உரிமையாளர் கூறியதாவது என்று பொருள்படும் மலாய்ச் சொற்களோடு அறுந்து நிற்கிறது. அன்று அப்பா நெடுநேரம் பேசினார் என்று அம்மா இன்றும் சொல்கிறார்; அவர் பேசியது எங்கள் கைக்கு வராத அந்த இரண்டு பக்கங்களில்தான் இருக்க வேண்டும்.

இந்நகலின் அடியில் 'உண்மை நகல்' என்ற முத்திரை மட்டுமே உள்ளது. 1950ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 76ஆம் பிரிவோ, தரப்படுவது முழு ஆவணத்தின் நகலா அல்லது அதன் ஒரு பகுதியின் நகலா என்பதைச் சான்றிலேயே குறித்து, தேதி, பெயர், பதவி ஆகியவற்றுடன் அதிகாரி கையொப்பமிட வேண்டும் என்கிறது. பகுதியை முழுமைபோல் காட்டும் சான்றை நம்பி நாங்கள் எந்த நீதிமன்றப் படியையும் ஏற முடியாது.

முகப்பில் விசாரித்தபோது முதலில் கோப்பு 'சூலிட்' (இரகசியம்) என்றும், மறுமுறை பழைய தாள்கள் அழிக்கப்பட்டிருக்கலாம் என்றும் வாய்மொழியாகவே கூறினார்கள். 1972ஆம் ஆண்டு அதிகாரத்துவ இரகசியச் சட்டத்தின் கீழ் அவை வகைப்படுத்தப்பட்டிருந்தால் அதை எழுத்தில் தெரிவியுங்கள். என்னிடமுள்ள எந்தப் பக்கத்திலும் அத்தகைய குறி இல்லை. அழிக்கப்பட்டிருந்தால், 2003ஆம் ஆண்டு தேசிய ஆவணக் காப்பகச் சட்டப்படி அதற்குத் தலைமை இயக்குநரின் அனுமதி பெற்றிருக்க வேண்டும் என்பதால், அந்த அனுமதிக் கடிதத்தின் நகலைத் தாருங்கள்.

ஆகவே, 2015 ஜனவரி முதல் நடப்பிலுள்ள பினாங்கு தகவல் சுதந்திரச் சட்டத்தின் கீழும் இம்மனுவை அளிக்கிறேன். 3, 4ஆம் பக்கங்களையும் மதிப்பீட்டு இணைப்பையும் கோப்பில் உள்ள வரிசை மாறாமல், முறையான சான்றுடன் வழங்குமாறும், எதையேனும் தர மறுத்தால் அந்தத் தாளைக் குறிப்பிட்டுக் காரணத்தை எழுதித் தருமாறும் பணிவுடன் வேண்டுகிறேன். சொத்துப் பிரிவினை தொடர்பாகச் சட்ட ஆலோசனை பெறுவதற்கே இவற்றைக் கேட்கிறேன். கூடுதல் கட்டணம் இருந்தால் செலுத்தச் சித்தமாக உள்ளேன்.

இப்படிக்கு,
உண்மையுள்ள,
மனுதாரர் (நில உரிமையாளரின் மகள்)