சொத்து முகவர் சங்கப் பொறுப்பாளர்களுக்கு: விற்காத வீடுகளின் கணக்கையும் வெளியிடுங்கள்

மதிப்பிற்குரிய பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். நான் சிங்கப்பூரில் வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கட்டிய வீடுகளின் மறுவிற்பனையைக் கையாளும் முகவர், சங்க உறுப்பினர். ஒரே ஒரு கோரிக்கைக்காகத்தான் இந்த மடல். ஒரு புளோக்கில் (அடுக்குமாடிக் கட்டடத்தில்) ஒவ்வோர் இனத்தவரும் எத்தனை விழுக்காடு வரை இருக்கலாம் என்று வரம்பு வைக்கும் இன ஒருங்கிணைப்புக் கொள்கையால் விற்க முடியாமல் கிடக்கும் வீடுகள், விலை குறைத்து விற்கப்படும் வீடுகள் ஆகியவற்றின் கணக்கை நம் சங்கம் தொகுத்து ஆண்டுதோறும் பொதுவில் வைக்க வேண்டும்.

கொள்கையே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. 1989 மார்ச்சில், திரு. தனபாலன் தேசிய வளர்ச்சி அமைச்சராக இருந்தபோது அது நடப்புக்கு வந்தது. குடியிருப்புப் பேட்டைகள் இனவாரியாகப் பிரிந்துவிடக் கூடாது என்ற கவலை அன்றும் நியாயம், இன்றும் நியாயம். அதற்கான செலவை யார் ஏற்கிறார்கள் என்பதுதான் என் கேள்வி.

ஒரு புளோக்கில் சீனர் 87 விழுக்காடு, மலாய்க்காரர் 25, இந்தியரும் மற்றவரும் 15 என்பது வரம்பு. (கடைசி எண் 2010ல்தான் 13லிருந்து ஏறியது.) சீனர் வரம்பு நிரம்பிய புளோக்கில் ஓர் இந்தியக் குடும்பம் சீனருக்கு விற்க முடியாது. நாட்டின் குடியிருப்பாளர்களில் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேர் சீனர்; அவர்கள் யாரும் அந்த வீட்டை வாங்க வழியில்லை. எதிர்வீட்டுச் சீனக் குடும்பம் சீனருக்கு விற்றால் விகிதம் மாறாது என்பதால் அவர்களுக்கு இந்தத் தடை கிடையாது. “தம்பி, என் வீட்டில் என்ன குறை?” என்று கேட்கும் அக்காமாருக்கு நாம் என்ன பதில் சொல்கிறோம்? விலையைக் கொஞ்சம் இறக்குங்கள் என்கிறோம். அதைத்தானே சொல்ல முடிகிறது.

அரசு கேட்கவே இல்லை என்றும் சொல்ல முடியாது. 2022 முதல், இப்படி மாட்டிக்கொண்ட சிலரின் வீடுகளை நிபந்தனைகளுடன் வீவகவே திரும்ப வாங்குகிறது. நல்லதுதான். ஆனால் அது போதுமா என்பதை எதை வைத்து அளப்பது? விற்ற வீட்டின் விலை வீவகவிடம் பதிவாகிறது. எத்தனை மாதம் விளம்பரத்தில் கிடந்தது, பார்க்க வர விரும்பிய எத்தனை பேரைத் திருப்பி அனுப்பினோம், முதலில் கேட்ட விலை என்ன, கடைசியில் யார் விற்கும் எண்ணத்தையே விட்டார் என்பதெல்லாம் அந்தப் பதிவில் வராது. அவை நம் கைப்பேசிகளில்தான் இருக்கின்றன.

பிரிட்டனில் 1984ல் அரச சாசனம் பெற்ற பட்டய வீடமைப்புக் கழகம் இருக்கிறது. வீடமைப்புத் துறையில் வேலை செய்பவர்களின் தொழில்முறை அமைப்பு. ஆண்டுதோறும் வீடமைப்புப் புள்ளிவிவரத் தொகுப்பு வெளியிடுகிறது, அமைச்சுக்கு அனுப்பும் கருத்துரைகளை எல்லாரும் படிக்கும்படி வைக்கிறது. அமைச்சரும் எதிர்க்கட்சியும் செய்தியாளரும் ஒரே எண்ணை வைத்துச் சண்டை போட முடிகிறது. அவர்களையும் புனிதர்கள் என்று நினைக்க வேண்டாம். சமூக வீடுகளின் (குறைந்த வாடகைக்கு விடப்படும் வீடுகளின்) நிர்வாகத்தில் உயர் பொறுப்பிலிருப்போருக்குத் தகுதிச் சான்று கட்டாயம் என்று 2023ல் அங்கே சட்டம் வந்தது. அதற்காக உரக்கப் போராடியவர்கள் லண்டனில் 72 பேரைப் பலிகொண்ட கிரென்ஃபெல் அடுக்குமாடிக் கட்டடத் தீயில் உயிர் தப்பியவர்களும் பலியானோர் குடும்பங்களும். அந்தத் தகுதிப் படிப்புகளை வழங்குவோரில் இந்தக் கழகமும் ஒன்று! ஆக, எந்தச் சங்கத்துக்கும் சொந்த லாபம் ஒன்று உண்டு. நமக்கும் தரகுப்பணம் இருக்கிறது. அதனால்தான் கணக்கை நாம் மட்டும் எடுக்காமல், மதிப்பீட்டாளர்களையும் பல்கலைக்கழக ஆய்வாளர்களையும் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறேன்.

“அமைச்சிடம் சொல்ல வேண்டியதைக் கூட்டத்திலேயே சொல்லிவிடுகிறோம்” என்று நீங்கள் சொல்லலாம். சரி, சொல்லுங்கள். மூடிய அறையில் சொன்னது ஏற்கப்பட்டதா, ஒதுக்கப்பட்டதா என்று உறுப்பினருக்கே தெரியாவிட்டால், அடுத்த முறை தகவல் தர யார் முன்வருவார்?

தனிநபர் விவரம் வெளியே போகும் என்ற அச்சத்துக்கும் வழி இருக்கிறது. வீட்டு எண்ணும் புளோக் எண்ணும் வேண்டாம்; நகரம், வீட்டு வகை, விற்பவரின் இனம், காத்திருந்த மாதங்கள், கேட்ட விலை, கிடைத்த விலை போதும்.

அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவாருங்கள். படிவத்தின் முதல் வரைவை நானே எழுதித் தருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் சங்க உறுப்பினர் ஒருவர்