அண்ணனுக்கு 1,28,000 டாலர், தங்கைக்குப் பூஜ்யம்: ஃபிஃபா பேரவைக்கு ஒரு திறந்த மடல்

ஃபிஃபா பேரவை உறுப்பினர்களுக்கு,

வணக்கம். லெபனான் தலைநகர் பெய்ரூத்தில் ஒரு வீட்டில் அண்ணன், தங்கை இருவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இருவரும் 12 வயதில் ஒரே அகாடமியில் சேர்ந்து, ஒரே செயற்கைப் புல் மைதானத்தில் ஓடி, முன்கள ஆட்டக்காரர்களாக வளர்கிறார்கள். 19 வயதில் ஆளுக்கொரு சவுதி கிளப்பில் முதல் தொழில்முறை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுகிறார்கள்.

அண்ணன் கையெழுத்துப் போட்டதும் உங்கள் விதிப்புத்தகம் விழித்துக்கொள்கிறது. அவனை வளர்த்த கிளப்புக்குப் புதிய கிளப் பயிற்சி இழப்பீடு தர வேண்டும். பயிற்சிக்குச் செய்யும் செலவைப் பொறுத்து நீங்கள் கிளப்புகளை வகை பிரித்து வைத்திருக்கிறீர்கள். ஆசியாவுக்கு நீங்களே நிர்ணயித்த தொகை, நான்காம் வகைக் கிளப்புக்கு ஆண்டுக்கு 2,000 டாலர், மூன்றாம் வகைக்கு 10,000, இரண்டாம் வகைக்கு 40,000. 12 முதல் 15 வயது வரையான நான்கு பருவங்களுக்கு நான்காம் வகைக் கணக்கு, ஆக 8,000. புதிய கிளப் இரண்டாம் வகையில் இருந்தால் 16, 17, 18 வயதுப் பருவங்களுக்கு 1,20,000. மொத்தம் 1,28,000 டாலர். இந்தப் பணத்தைப் பட்டுவாடா செய்யப் பாரிஸில் நீங்கள் வைத்திருக்கும் கிளியரிங் ஹவுஸ், பையனின் பதிவு வரலாற்றைத் தேடி எடுத்து, யாருக்கு எவ்வளவு என்று தானே கணக்குப் போடும்.

தங்கைக்கு? பயிற்சி இழப்பீடு பெண்கள் கால்பந்துக்குப் பொருந்தாது. வீரர்களின் தகுதி, இடமாற்றம் பற்றிய உங்கள் விதிகளின் 20-ஆம் பிரிவில் ஒரே வரியில் முடிந்துவிடுகிறது.

இந்த மடல் அந்த ஒரு வரியைப் பற்றியது.

அந்த வரியை யாரும் கெட்ட எண்ணத்தில் எழுதவில்லை என்பது எனக்குத் தெரியும். பெண்கள் கிளப்புகளிடம் பணம் குறைவு. ஒரு பெண்ணை எடுக்கப் பழைய கிளப்புக்கு இத்தனை ஆயிரம் கட்டு என்றால் புதிய கிளப் பின்வாங்கிவிடும், அவள் விளையாட்டு வாழ்க்கை அங்கேயே முடங்கும். நியாயமான பயம்தான். ஆனால் அந்தப் பயத்துக்கு விலை கொடுப்பது யார் என்று பாருங்கள். வாங்கும் கிளப்பும் கொடுப்பதில்லை, நீங்களும் கொடுப்பதில்லை. அவளை 12 வயதிலிருந்து வளர்த்த சின்ன அகாடமிதான் கொடுக்கிறது.

ஒற்றுமைப் பங்களிப்பு பெண்களுக்கும் உண்டே என்று நீங்கள் சொல்லலாம். உண்டுதான். ஒரு கிளப் இன்னொரு கிளப்புக்குத் தரும் இடமாற்றத் தொகையில் 5 சதவீதம், 12 முதல் 23 வயது வரை வளர்த்த கிளப்புகளுக்குப் பகிரப்படும். ஆனால் லெபனானில் பெரும்பாலான பெண்கள் உங்கள் விதிப்படி அமெச்சூர்கள். எழுத்து ஒப்பந்தமும், செலவுக்கு மேல் ஒரு சம்பளமும் இருந்தால்தான் தொழில்முறை ஆட்டக்காரர். அவை இல்லாதபோது இடமாற்றத் தொகை என்ற ஒன்றே கிடையாது. பூஜ்யத்தில் 5 சதவீதம் எவ்வளவு என்று பாரிஸில் கணக்குப் போட வேண்டியதில்லை.

லெபனானை ஏன் எடுத்துக்கொண்டேன் என்று கேட்கலாம். நான் அந்த நாட்டுக்காரி அல்ல. 2022-இல் பெண்கள் ஆசியக் கோப்பை இந்தியாவில் நடக்கவிருந்தபோது, யார் யார் வருவார்கள் என்று தகுதிச் சுற்றுகளைப் பார்க்க ஆரம்பித்தேன். (போட்டியை நடத்திய இந்தியாவே கோவிட் தொற்றால் ஆடப் போதுமான ஆள் இல்லாமல் விலக நேர்ந்தது வேறு கதை.) லெபனான் அந்தத் தகுதிச் சுற்றைத் தாண்டவில்லை. ஆனால் கவனிக்க வைத்தது. 2006 ஏப்ரலில் அலெக்சாந்திரியாவில் அல்ஜீரியாவிடம் 12-0 என்று தோற்றுத் தன் சர்வதேசக் கணக்கைத் தொடங்கிய அணி அது. உள்நாட்டுப் பெண்கள் லீக் 2007-08-இல்தான் வந்தது. அங்கிருந்து பதினைந்தே ஆண்டுகளில் மேற்காசிய 18 வயதுக்குட்பட்ட பெண்கள் கோப்பையை இரண்டு முறை வென்றிருக்கிறார்கள், இரண்டாவது 2022-இல். லிலி இஸ்கந்தர் போன்ற முன்கள வீராங்கனைகள், 2002-இல் பிறந்தவர்கள், இருபதைத் தாண்டும் வயதிலேயே சவுதி லீக் வரை போய்விட்டார்கள்.

இத்தனையும் எந்தக் காலத்தில் நடந்தது என்று பாருங்கள். 2019 அக்டோபரில் மக்கள் தெருவில் இறங்கினார்கள், வங்கிகள் கதவைச் சாத்தின. டாலருக்கு 1,500 என்று இருந்த லெபனான் லிரா சில ஆண்டுகளில் 90,000-ஐ நெருங்கியது. பெற்றோர் லிராவில் கட்டிய பயிற்சிக் கட்டணம் அடுத்த மாதமே பாதி மதிப்புக்கு வந்தால் அகாடமி எதை வைத்து ஓடும்? 2020 ஆகஸ்ட் 4 அன்று துறைமுகத்தில் அமோனியம் நைட்ரேட் வெடித்து 200 பேருக்கு மேல் இறந்தார்கள். அதற்குப் பிறகு அரசு மின்சாரம் நாளுக்குச் சில மணி நேரம் என்றாகிவிட்டது. மாலைப் பயிற்சிக்கு விளக்கெரிய ஜெனரேட்டர் வேண்டும், ஜெனரேட்டருக்கு டீசல், டீசலுக்கு டாலர். சொந்த மைதானம் இல்லாத கிளப் மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்க வேண்டும். பெண் பிள்ளைகளை இருட்டிய பிறகு வீட்டில் கொண்டுவிட வண்டியும் வேண்டும். அது இல்லையென்றால் பல வீடுகளில் அடுத்த நாள் அனுப்ப மாட்டார்கள்.

தேசத்தின் பெரிய மைதானமான கமீல் ஷமூன் விளையாட்டு நகரத்தின் கதி இன்னும் மோசம். 2000 ஆசியக் கோப்பை நடந்த இடம் அது. துறைமுக வெடிப்புக்குப் பிறகு இராக் நன்கொடையாக அனுப்பிய மாவை அங்கே அடுக்கி வைத்து, மழையில் கெடவிட்டார்கள். கால்பந்து வளர்ச்சிக்கான உங்கள் ஃபார்வர்ட் நிதித் திட்டத்தில் 2023 முதல் 2026 வரை ஒவ்வொரு உறுப்பு நாட்டுக்கும் 80 லட்சம் டாலர் வரை ஒதுக்கீடு இருப்பது தெரியும். அது நாட்டின் கால்பந்துச் சங்கத்துக்குப் போகிறது. சங்கத்திலிருந்து 12 வயதுப் பெண்களின் மாலைப் பயிற்சி வரை எவ்வளவு சொட்டுகிறது என்பது அந்தந்த நாட்டின் ராசி.

சரி, இப்படியெல்லாம் வளர்ந்த ஒரு முன்கள வீராங்கனைக்கு 18, 19 வயதில் என்ன வழி இருக்கிறது? உள்ளூர் லீகில் ஆடிக்கொண்டே படிக்கலாம், வேலைக்குப் போகலாம். இல்லையென்றால் வெளிநாடு. அமெரிக்கக் கல்லூரி உதவித்தொகையோ வளைகுடா கிளப்போ கிடைத்தால் போகத்தான் வேண்டும். போகாதே என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. நான் சொல்வது அவள் போனபின் காலியாகும் இடத்தைப் பற்றி. அடுத்த வருடம் 12 வயதில் வரும் பெண்ணுக்குப் பந்து வாங்க, போனவள் வழியாக ஒரு டாலரும் திரும்பி வருவதில்லை. பையன்கள் பிரிவில் ஒருவன் நல்லபடியாகப் போனால் அகாடமி சில வருடம் மூச்சு விடும். பெண்கள் பிரிவு எப்போதும் கைக்காசில் நடக்கும் பிரிவு. காசு இறுகும்போது ஒரு நிர்வாகி முதலில் எதை மூடுவார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

வெளிநாடு போகும் கட்டம் வரை எல்லோராலும் வர முடிவதுமில்லை. செலீன் ஹைதர் முன்கள வீராங்கனை அல்ல, நடுக்கள ஆட்டக்காரர். 2022-இல் வென்ற 18 வயதுக்குட்பட்டோர் அணியில் இருந்தவர். 2023-24-இல் லீகை வென்ற பெய்ரூத் ஃபுட்பால் அகாடமியின் ஆட்டக்காரர். 2024-இல் இஸ்ரேல்-ஹிஸ்புல்லா போரில் குடும்பம் நகரை விட்டு வெளியேறியிருந்தது. படிப்புக்கும் பயிற்சிக்குமாக அவர் மட்டும் திரும்பி வந்திருந்தார். நவம்பர் 16 அன்று தெற்குப் புறநகர் பக்கம் ஷியாஹ் பகுதியில் இஸ்ரேலிய வான்தாக்குதலின் சிதறல் அவர் தலையில் பாய்ந்து மண்டையோடு உடைந்தது. அப்போது அவருக்கு 19 வயது. பதினோரு நாள் கழித்துப் போர்நிறுத்தம் வந்தபோது அவர் கோமாவில் இருந்தார். பிறகு கண் விழித்தார், நீண்ட சிகிச்சை தொடர்ந்தது.

அவரை வளர்த்த வருடங்கள் உங்கள் கணக்கில் எங்கே இருக்கின்றன? அண்ணனாக இருந்திருந்தாலும், ஒப்பந்தம் போடுவதற்கு முன் இப்படி நடந்தால் கிளப்புக்கு எதுவும் வராது. அதனால்தான் ஆண்களின் விதியை அப்படியே பெண்களுக்கும் நீட்டினால் போதும் என்று நான் கேட்கவில்லை. ஒப்பந்தம் ஒன்றை மட்டும் பார்க்கும் விதி, ஒப்பந்தமே அபூர்வமாக இருக்கும் ஒரு உலகத்துக்குப் பொருந்தாது.

நான் கேட்பது இதுதான். வாங்கும் கிளப்பிடம் வாங்க வேண்டாம், நீங்கள் கொடுங்கள். பெண்கள் கால்பந்துக்கு ஒரு பயிற்சி நிதி வையுங்கள். ஒரு பெண் முதல் தொழில்முறை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும்போதோ, தன் நாட்டின் இளையோர் அணிக்கோ மூத்தோர் அணிக்கோ ஒரு அதிகாரபூர்வப் போட்டியில் ஆடும்போதோ, எது முதலில் நடக்கிறதோ அப்போது, அவளை வளர்த்த கிளப்புகளுக்கு 12 வயதிலிருந்து ஆண்டுக்கு 2,000 டாலர். உங்கள் அட்டவணையிலேயே இருக்கும் ஆகக் குறைந்த தொகைதான். ஏழு வருடம் வளர்த்த கிளப்புக்கு 14,000 வரும். அண்ணனின் 1,28,000-க்குப் பக்கத்தில் கூட இல்லை. ஆனால் ஒரு பெண்கள் பிரிவு அடுத்த பருவத்துக்குத் திறந்திருக்குமா என்பதை அது தீர்மானிக்கும். 2022 உலகக் கோப்பைக்கு ஆட்டக்காரர்களை அனுப்பிய ஆண்கள் கிளப்புகளுக்கு 20.9 கோடி டாலர் பகிர்ந்தீர்கள். 2023 பெண்கள் உலகக் கோப்பைக்கு 1.13 கோடி. கிளப்புகளுக்கு நேராகப் பணம் அனுப்பும் பழக்கம் உங்களுக்கு ஏற்கனவே உண்டு. உலகக் கோப்பை வரை வந்த நாடுகளோடு அது நின்றுவிடுகிறது, அவ்வளவுதான்.

போலி அகாடமிகள் கிளம்பி உரிமை கோருமே என்பீர்கள். கோரும். ஆண்கள் பக்கத்திலும் கோருகின்றன, நீங்கள் பதிவேட்டை வைத்துத்தான் சரிபார்க்கிறீர்கள். பெண்களுக்குப் பதிவேடே சரியாக இல்லை என்பதுதான் உண்மையான சிக்கல். 12 வயதுப் பெண்ணைச் சங்கத்தில் முறையாகப் பதிவு செய்ய ஒரு கிளப்புக்கு இன்று என்ன லாபம்? ஒன்றுமில்லை. பின்னால் பணம் வரும் என்று தெரிந்தால் பதிவு தானாக நடக்கும். உலகம் முழுக்க எத்தனை பெண்கள் ஆடுகிறார்கள் என்று நீங்கள் எடுக்கும் கணக்கும் கொஞ்சம் நம்பும்படி இருக்கும்.

அப்புறம், வங்கி. இதை வெளியிலிருந்து பார்ப்பவர்கள் மறந்துவிடுவார்கள். 2019-க்கு முன் போட்ட டாலரை லெபனான்காரர்கள் இன்னும் முழுதாக எடுக்க முடியவில்லை. 2024 அக்டோபரில் அந்த நாடு பணமோசடித் தடுப்பில் குறை உள்ள நாடுகளைக் கூடுதல் கண்காணிப்பில் வைக்கும் சாம்பல் பட்டியலுக்கும் போய்விட்டது. கிளியரிங் ஹவுஸ் பணம் அனுப்பும் முன் ஒவ்வொரு கிளப்பையும் சோதிக்கும். ஆவணம் சரியில்லை என்றால் பணம் நின்றுவிடும். பெரிய கிளப்புக்கு வக்கீல் இருப்பார். நான்கு பயிற்சியாளர்கள் சேர்ந்து நடத்தும் பெண்கள் அகாடமிக்கு யார் இருக்கிறார்கள்? ஆகவே நிதியோடு, அரபு மொழியில் இந்த ஆவணங்களை நிரப்ப உதவும் ஒரு ஆளையும் சேர்த்து அனுப்புங்கள். சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் பணம் போய்ச் சேருவதும் சேராததும் இங்கேதான் இருக்கிறது.

ஒன்று மட்டும் உங்கள் கையில் இல்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். 1925-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டப்படி லெபனான் தாய் தன் குடியுரிமையைப் பிள்ளைக்குக் கொடுக்க முடியாது. தந்தை பாலஸ்தீனரோ சிரியரோ என்றால், பெய்ரூத்திலேயே பிறந்து அங்கேயே பந்து பழகிய பெண்ணுக்குத் தேசிய அணிச் சட்டை கிடையாது. அப்படிப்பட்டவளை வளர்த்த கிளப்புக்கு என் திட்டத்திலும் ஒப்பந்தம் என்ற ஒரு வாசல்தான் திறந்திருக்கும். உங்கள் தலைவர் இன்ஃபான்டினோவின் மனைவி லெபனானைச் சேர்ந்தவர். அந்த நாட்டு அமைச்சர்களைச் சந்திக்கும்போது அவர் இந்தப் பேச்சை எடுத்தால், நான் பேசுவதைவிட நன்றாகக் காதில் விழும்.

அடுத்த பேரவைக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் 20-ஆம் பிரிவைச் சேருங்கள். சேர்க்க மாட்டோம் என்றால் ஏன் என்று எழுத்தில் சொல்லுங்கள். பெண்களின் இடமாற்றம் தடைபடும் என்ற பழைய பதில் மட்டும் வேண்டாம். வாங்கும் கிளப் ஒரு டாலரும் கட்டத் தேவையில்லாத ஒரு ஏற்பாட்டைத்தான் கேட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
பெண்கள் கால்பந்தைப் பின்தொடரும் ஒரு தமிழ் ரசிகை