நாலாவது டவுன், 18 யார்டு

அன்பு மகனுக்கு,

உன் பள்ளி அமெரிக்கக் கால்பந்து அணிப் பிள்ளைகளுக்கு ட்ரிக் ப்ளே, அதாவது எதிரணியை ஏமாற்றும் ஆட்டமுறை, சொல்லிக்கொடுக்கப் போவதாக ஃபோனில் சொன்னாயே, அதற்கு முன்னால் 2007 ஜனவரி 1 அன்று அரிசோனாவின் க்ளெண்டேலில் நடந்த ஃபியஸ்டா பவுல் என்ற கல்லூரி ஆட்டத்தின் கடைசிப் பகுதியை அவர்களுக்குப் போட்டுக் காட்டு. பாய்ஸி ஸ்டேட் 43, ஓக்லஹோமா 42. பாய்ஸிக்கு அதிர்ஷ்டம் அடித்தது என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். எனக்கு அதில் துளியும் சம்மதமில்லை.

முதல் மூன்று குவார்ட்டரை ஓட்டிவிடலாம். 28-10 என்று முன்னால் இருந்த பாய்ஸியை ஓக்லஹோமா துரத்திப் பிடித்து, 1 நிமிடம் 26 விநாடி மிச்சமிருக்கும்போது 28-28 ஆக்கியது. அடுத்து பாய்ஸியின் குவார்ட்டர்பேக் (பந்தை எறிபவர்) ஜாரெட் ஸப்ரான்ஸ்கி எறிந்த பந்தை ஓக்லஹோமாவின் மார்கஸ் வாக்கர் பறித்து, 33 யார்டு ஓடி எல்லைக்குள் கொண்டுபோய் டச்டவுன் அடித்தார். 35-28. இங்கிருந்து நிறுத்தி நிறுத்திப் பார்க்கச் சொல்.

18 விநாடி மிச்சம். நடுக்கோட்டில் பாய்ஸியின் பந்து, நாலாவது டவுன், அதாவது கடைசி முயற்சி, பந்தைத் தக்கவைக்க 18 யார்டு வேண்டும். ட்ரிசான் ஜேம்ஸ் 15 யார்டு தள்ளிப் பந்தைப் பிடிக்கிறார். தேவையான கோட்டுக்கு இன்னும் 3 யார்டு இருக்கிறது. அவரை அங்கேயே மடக்கினால் ஆட்டம் முடிந்தது என்று டிஃபென்ஸ் மொத்தமும் அவரை நோக்கிப் பாய்கிறது. அந்த நேரம் எதிர்த்திசையில் ஓடிவரும் ஜெரார்ட் ராப் கையில் பந்து மாறுகிறது. மீதி 35 யார்டையும் ஓடி முடிக்கிறார். 7 விநாடி மிச்சம், 35-35.

இதில் பிள்ளைகள் தப்பு செய்வது இரண்டு இடத்தில். பந்து கையில் நன்றாகச் சேருமுன்பே தள்ளிவிடப் பார்ப்பார்கள். முதலில் பிடிக்கட்டும், பிறகுதான் லேட்டரல் (பக்கவாட்டிலோ பின்னாலோ தள்ளுவது). இன்னொன்று, வாங்குபவன் அவசரத்தில் முந்திவிடுவான். முன்னோக்கிப் போனால் அது விதிமீறல், ஆகவே அவன் ஓரிரு யார்டு பின்னாலேயே வர வேண்டும். தரையில் விழுந்த லேட்டரலை எதிரணியும் எடுக்கலாம் என்பதையும் சொல்லிவை.

ஓவர்டைமில் இரு அணிக்கும் 25 யார்டு கோட்டிலிருந்து ஒவ்வொரு வாய்ப்பு. ஓக்லஹோமாவின் ஏட்ரியன் பீட்டர்சன் முதல் முயற்சியிலேயே 25 யார்டும் ஓடிவிட்டார். பாய்ஸியின் முறை வந்தபோது நாலாவது டவுன், 2 யார்டு வேண்டும், பந்து 5 யார்டு கோட்டில். ஸப்ரான்ஸ்கி ஓரமாக நகர்ந்துவிட, ஸ்னாப் (ஆட்டம் தொடங்கப் பின்னால் தரும் பந்து) நேராக, வழக்கமாகப் பந்து பிடிக்கும் ரிசீவர் வின்னி பெரெட்டாவுக்குப் போகிறது. அவர் வலப்பக்கம் ஓடி, டைட் எண்ட் என்ற இடத்தில் ஆடும் டெரெக் ஷோமனுக்கு எறிகிறார். ஓக்லஹோமா 42, பாய்ஸி 41.

டச்டவுனுக்குப் பின் கிக் அடித்தால் ஒரு புள்ளி, சமன். பாய்ஸியின் பயிற்சியாளர் கிறிஸ் பீட்டர்சன் இரண்டு புள்ளிக்குப் போனார், அதாவது 3 யார்டு கோட்டிலிருந்து ஒரே முயற்சியில் பந்தை மறுபடி எல்லைக்குள் கொண்டுபோவது. அது முரட்டுத் துணிச்சல் இல்லை, கணக்கு. கல்லூரி ஆட்டத்தில் இந்த முயற்சி பாதிக்குச் சற்றுக் குறைவாகத்தான் பலிக்கும். ஆனால் களைத்த ஆட்களோடு, ஏட்ரியன் பீட்டர்சன் மாதிரி ஓட்டக்காரர் உள்ள அணியை இன்னொரு ஓவர்டைமில் ஜெயிக்கும் வாய்ப்பு அதைவிடக் குறைவு என்று பட்டால், 3 யார்டில் ஒரே முயற்சிதான் மேல். 1984 ஆரஞ்சு பவுலில் நெப்ராஸ்காவின் பயிற்சியாளர் டாம் ஆஸ்போர்னும் மயாமிக்கு எதிராக 31-30 என்று பின்தங்கிய நிலையில் இரண்டுக்குப் போனார். மயாமியின் கென்னி கல்ஹூன் விரல் பட்டுப் பந்து தவறியது. அதனால் அந்த முடிவு தப்பென்று நான் சொல்ல மாட்டேன்.

பாய்ஸி ஆடியது 'ஸ்டாச்யூ'. வலப்பக்கம் மூன்று ரிசீவர்கள். ஸப்ரான்ஸ்கி வெறும் வலக்கையால் அந்தப் பக்கம் எறிவதுபோல் வீசுகிறார். பந்தோ இடக்கையில், முதுகுக்குப் பின்னால். இயன் ஜான்சன் அதை வாங்கி இடப்பக்கம் ஓடுகிறார். யாரும் தொடக்கூட இல்லை. ஏமாற்றுவது கை மட்டுமில்லை. குவார்ட்டர்பேக்கின் கண்ணும் தோளும் காலும் வலப்பக்கமே இருக்க வேண்டும், கொடுக்கும்போது திரும்பிப் பார்க்கவே கூடாது. ஓடுபவன் சீக்கிரம் கிளம்பினால் குட்டு உடைந்துவிடும், தாமதித்தால் குவார்ட்டர்பேக் மாட்டிக்கொள்வான். ஆகவே எண்ணிக்கை சொல்லி, முதலில் நடந்தே பழக்கு. பந்து தவறாமல் கைமாறிய பிறகு ஓடவிடு.

விதியையும் கவனி. 2021 முதல் கல்லூரி ஆட்டத்தில் இரண்டாவது ஓவர்டைமிலிருந்து டச்டவுனுக்குப் பின் இரண்டு புள்ளிக்குப் போயே ஆக வேண்டும். மூன்றாவதிலிருந்து மாறி மாறி அந்த முயற்சி மட்டும்தான். பள்ளி ஆட்டத்தில் பல மாநிலங்களில் ஓவர்டைமை 10 யார்டு கோட்டிலிருந்து தொடங்குகிறார்கள். உங்கள் மாநிலத்து விதிப்புத்தகத்தைப் பார்த்துவிட்டு, கிக்கா இரண்டா என்பதை ஆட்டத்துக்கு முந்தின நாளே பெரிய பயிற்சியாளரோடு பேசி முடிவுசெய்துகொள்.

அன்புடன்,
அம்மா