எலி மருந்தை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சுண்டெலித் தொல்லைக்கு சிலிங்கில் நாலு மருந்துக் கட்டியைத் தூக்கிப் போட்டால் போதும் என்று வாசகர் ஒருவர் சென்ற வாரம் எழுதியிருந்தார். செம்பனைத் தோட்டத்தில் அந்தக் கட்டியை வாளி வாளியாகச் சுமந்தவள் நான்.

தோட்டத்தில் மரத்துக்கு ஒன்று என்று தூரடியில் வைத்துக்கொண்டே போவோம். நாலு நாள் கழித்து அதே நிரைக்குத் திரும்பி, தின்று போன இடத்தில் மட்டும் புதிதாக வைப்போம். தின்றது நூற்றுக்கு 20-க்குக் கீழே இறங்கினால்தான் மண்டோர் (வேலையை மேற்பார்ப்பவர்) நிறுத்தச் சொல்வார். அங்கே செத்தது மட்டைக் குவியலில் மக்கிப்போகும். சிலிங்கில் எங்கே மக்கும்? மருந்து தின்ற எலி உடனே சாகாது. இரத்தம் உறையாமல் உள்ளுக்குள்ளேயே கசிந்து சாக சில நாளாகும். அதற்குள் கை எட்டாத மூலையில் போய்ப் படுத்துக்கொள்ளும். பக்கத்து வீட்டு அக்கா நாற்றம் தாங்காமல் தீபாவளி நேரத்தில் சிலிங் பலகையையே கழற்றினார்.

தள்ளாடுகிற எலியைப் பூனையோ கூகையோ தின்றால் விஷம் அதற்கும் ஏறும். எலியைப் பிடிக்கவென்றே பல தோட்டங்களில் பெட்டி வைத்துக் கூகை வளர்க்கிறார்கள். இருட்டினால் அது எங்கள் தாமான் குடியிருப்புப் பக்கமும் வரும். அலறினால் சாவு என்று கல்லெறிகிற பெரிசுகள் இன்னும் இருக்கிறார்கள், அது வேறு கதை.

முதலில் ஓட்டையை அடையுங்கள். பென்சில் நுழைகிற சந்து போதும், சுண்டெலி உள்ளே வந்துவிடும். எங்களுடையது மலிவு விலை வீடு. கேஸ் குழாய்க்காக அடுப்படிச் சுவரில் போட்ட துளையைச் சுற்றி விரல் விடுகிற இடைவெளி. அதன் விளிம்பில் கறுப்பாக ஒரு பிசுக்கு, எலியின் மேனி உரசி உரசிப் படிந்த அழுக்கு. சட்டி தேய்க்கிற இரும்பு நாரை அதில் திணித்து மேலே சிமெண்டு பூசினேன். துணியை வைத்து அடைத்தால் பிய்த்துக்கொண்டு போய்க் கூடு கட்டிவிடும். பின்கதவுக்கு அடியில் தகரப் பட்டை அடித்தாயிற்று.

உள்ளே மாட்டிக்கொண்டதற்கு மரப்பலகைப் பொறி. எலி சுவரை ஒட்டித்தான் ஓடும். அதனால் தீனி வைத்த முனை சுவரைத் தொடட்டும். அரைத்த கச்சானை, அதாவது வேர்க்கடலையை, பயறளவு தடவி ஒரு நெத்திலித் தலையை ஒட்டுங்கள். அதிகம் வைத்தால் நக்கிவிட்டுத் தப்பிவிடும். பசை அட்டை வேண்டவே வேண்டாம், பல்லிகூட ஒட்டிக்கொண்டு துடிக்கும். புழுக்கையைக் காய்ந்தபடி கூட்டாதீர்கள்; குளோரோக்ஸ் (வெளுப்பு மருந்து) கலந்த தண்ணீர் தெளித்து, கையுறை போட்டுத் துடையுங்கள். எலிச் சிறுநீரால் வரும் காய்ச்சல் உயிரைக்கூட வாங்கும்.

இன்னொன்று. சில கடைகளில் மருந்துக் கட்டியை உதிரியாக, பெயர் எதுவும் இல்லாத பிளாஸ்டிக் பையில் கட்டி விற்கிறார்கள். பிள்ளை எடுத்து வாயில் வைத்துவிட்டால், என்ன மருந்து என்றுதான் டாக்டர் முதலில் கேட்பார். இரத்தத்தை உறையவிடாத வகை என்று தெரிந்தால் வைட்டமின் கே கொடுத்துக் காப்பாற்ற வழியுண்டு. பெயர் அச்சடித்த பெட்டியோடு மட்டும்தான் விற்க வேண்டும் என்று அதிகாரிகள் கடைக்காரர்களிடம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
முன்னாள் தோட்டத் தொழிலாளி,
பெஸ்தாரி ஜெயா, சிலாங்கூர்