செம்பனை மரத்தடியில் பத்து நிமிடம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மலேசியாவில், இப்போது பெஸ்தாரி ஜெயா எனப்படும் பத்தாங் பெர்ஜுந்தை பக்கம் தோட்டத்தில் பிறந்தவள் நான். தமிழ்ப்பள்ளியில் அறிவியல் கற்றுக்கொடுத்து ஓய்வு பெற்றவள். போன வாரம் என் பேத்தி பயிற்சித்தாளில் பூச்சிகளின் பயன்களைக் கடகடவென எழுதிக்கொண்டிருந்தாள். "நம்ம செம்பனைப் பூவுக்கு எந்தப் பூச்சி வரும்?" என்றேன். முழித்தாள்.

மறுநாள் காலை அவளை அழைத்துப்போய் ஓர் இளம் செம்பனை (எண்ணெய்ப்பனை) மரத்தின் அருகே உட்கார வைத்தேன். பேசக்கூடாது, எழுதக்கூடாது, அவ்வளவுதான். முதலில் நெளிந்தாள், கொசு கடிக்கிறது என்றாள். அப்புறம் அடங்கிவிட்டாள். கொஞ்ச நேரத்தில், "பாட்டி, சோம்பு வாசம் வருது!" விரல் விரலாக நின்ற மஞ்சள் ஆண்பூவில் எள்ளைவிடச் சற்றே பெரிய பழுப்பு வண்டுகள் மொய்த்துக்கொண்டிருந்தன.

இந்த வண்டு நம் ஊர்க்காரன் இல்லை. 1981-இல் கேமரூனிலிருந்து இங்கு கொண்டுவரப்பட்டது. அதற்கு முன் மகரந்தப் பொடியைப் பூப்பூவாகத் தூவியவர்கள் என் அம்மா மாதிரி தோட்டத்துப் பெண்கள். காற்றுதான் மகரந்தத்தைக் கொண்டுபோகிறது என்றே பலரும் நம்பியிருந்த காலம் அது. ரஹ்மான் சையத் என்ற பூச்சி ஆய்வாளர் கேமரூனில் பூக்களைப் பொறுமையாகக் கவனித்துத்தான் மகரந்தத்தைக் கொண்டுபோவது இந்த வண்டுதான் என்று கண்டுகொண்டார். உட்கார்ந்து பார்ப்பதும் அறிவியல்தான் என்று நான் சொல்வது இதனால்தான்.

இன்னொன்றையும் கவனித்தேன். எப்போதும் நகம் கடிக்கும் பிள்ளை, அந்தப் பத்து நிமிடம் கையை வாயருகே கொண்டுபோகவே இல்லை. 2023 தேசிய சுகாதார ஆய்வில், 5 முதல் 15 வயதுப் பிள்ளைகளில் 16.5 விழுக்காட்டினருக்கு மனநலச் சிக்கல் இருப்பதாகத் தெரிந்தது. நாலு சுவருக்கு வெளியே சும்மா உட்காருவது அதற்கு மருந்து என்று சொல்லமாட்டேன். ஆனாலும் பிள்ளைகளுக்கு மூச்சுவிட ஓர் இடம் வேண்டுமே. ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் எழுதிய யுபிஎஸ்ஆர் தேர்வை 2021-இல் எடுத்துவிட்டார்கள், சரி, பயிற்சிப் புத்தகக் கட்டு மட்டும் குறையவில்லை.

வாரம் ஒரு அறிவியல் பாடவேளையில் பத்து நிமிடம் போதும். வெயில் ஏறுவதற்கு முன், பள்ளி வளாகத்து மரத்தடியிலேயே உட்காரலாம். தோட்டத்துக்குள் போவதென்றால் அனுமதி வாங்கிக்கொண்டு, காய்ந்த மட்டைக் குவியலை விட்டுத் தள்ளி உட்கார வேண்டும், பாம்பு இருக்கும். ஆசிரியரும் கைப்பேசியை வைத்துவிட்டுப் பிள்ளைகளோடு உட்கார வேண்டும். பெரியவர்கள் அவசரப்பட்டால் பிள்ளைகள் எழுந்து ஓடிவிடுவார்கள், என் வகுப்பில் பார்த்திருக்கிறேன்.

கல்வி அதிகாரிகளிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். தயவுசெய்து இந்தப் பத்து நிமிடத்துக்கும் ஆசிரியர்களைப் படிவம் நிரப்பச் சொல்லாதீர்கள்.

ஓய்வு பெற்ற ஆசிரியை,
பத்தாங் பெர்ஜுந்தை, சிலாங்கூர்