லேத்தை விக்கறதுக்கு முன்னால ஒரு நண்டு வேலை

பால்டிமோர்

டேய் மணியா,

இங்கே எல்லாரும் சௌக்கியம். அம்மா முழங்கால் எப்படி இருக்கு? உன்ற சம்சாரம் கொடுத்தனுப்பின பருப்புப்பொடி வந்த வாரமே காலி, அதுக்கு ஒரு நன்றி. விசாரிப்பு இத்தோட முடிஞ்சுது. இனி திட்டு.

லேத்தை விலை பேசிட்டியாமே? நம்ம கோழிப்பய போன்ல சொன்னான். அவன் எதையும் முழுசாச் சொல்ல மாட்டான்னு உனக்குத் தெரியாதா. "மணி பட்டறையை ஏறக்கட்டறான், பழைய இரும்புக்காரன் வந்து பார்த்துட்டுப் போனான்"னு ஒரு வரி. அடுத்து மருமகனோட புதுக் காரைப் பத்தி அரை மணி நேரம். அப்பா காலத்து பி.எஸ்.ஜி. லேத்தா, இல்லே நீ லோன் போட்டு வாங்கினதா, அதுகூட அவனுக்குத் தெரியலே. பழைய இரும்புக்காரன் எதுக்கு வந்தான்? ஓடற மெஷினுக்கு அவன் என்ன விலை போடுவான்? தராசு விலைதானே போடுவான்?

இத்தனை நாள் ஒரு வரி எழுதாதவன் இப்போ வந்து அதிகாரம் பண்றானேன்னு நெனைப்பே. நெனைச்சுக்கோ. எனக்கு ஒரு ஜாப் ஒர்க் இருக்கு. அதை முடிச்சுக் கொடுத்துட்டு நீ லேத்தை வித்தாலும் சரி, கோயிலுக்கு எழுதி வெச்சாலும் சரி.

விஷயம் என்னன்னா, நான் ஒரு நண்டு கட்டிட்டு இருக்கேன்.

சிரிச்சாச்சா? இன்னும் சிரி. நாலு பேர் உக்காந்து மிதிக்கிற நண்டு. தார் ரோட்டுல போகணும், கடல் தண்ணில மிதக்கணும், மணல்லயும் சேத்துலயும் ஏறி வெளியே வரணும். மோட்டார், பேட்டரி எதுவும் கூடாது, வெறும் கால் பலம். இங்கே அமெரிக்கன் விஷனரி ஆர்ட் மியூசியம்னு ஒண்ணு இருக்கு. எந்தக் கலைக் கல்லூரிக்கும் போகாம தானாக் கத்துக்கிட்டவங்க செஞ்சதை வெக்கிறதுக்குன்னே 1995-ல திறந்தாங்க. அவங்க 1999-லேர்ந்து மே மாசத் தொடக்கத்துல ஒரு ஊர்வலப் பந்தயம் நடத்தறாங்க. கைனடிக் ஸ்கல்ப்சர் ரேஸ்னு பேரு. ஏறக்குறைய 15 மைல். ஃபெடரல் ஹில் மேட்டுல ஆரம்பிச்சு, துறைமுகத்தைச் சுத்தி, கேன்டன்ல தண்ணில இறங்கி ஏறி, பேட்டர்சன் பார்க்ல மணல், சேறு ரெண்டையும் தாண்டித் திரும்பி வரணும். மியூசியத்தோட சொந்த வண்டி ஃபிஃபின்னு ஒரு ரோஸ் கலர் சடைநாய், மாடி உயரம். அது ஆடி அசைஞ்சு தெரு முக்கு திரும்பினா ஜனம் கத்தற கத்தல் இருக்கே! போன வருஷம் நடைபாதைல நின்னு வேடிக்கை பார்த்தப்போ என் பக்கத்துல நின்ன தாத்தா தொப்பியைக் கழட்டி நாய்க்குக் கும்பிடு போட்டார்.

இந்தக் கிறுக்கு ஆரம்பிச்சது கலிஃபோர்னியாவுல, ஃபெர்ன்டேல்னு ஒரு சின்ன ஊர்ல. 1969-ல ஹோபார்ட் பிரவுன்னு ஒரு சிற்பி, தன் மகனோட மூணு சக்கர சைக்கிளை அழகு பண்றேன்னு வெல்டிங் வெச்சு வெச்சு அஞ்சு சக்கரமாக்கிட்டார். அதைப் பார்த்த இன்னொரு கலைஞர், ஜாக் மேஸ், "இதைவிட நல்லதா நான் செய்யறேன், தெருவுல ஓட்டிப் பார்ப்போம் வா"ன்னு இழுத்தார். அன்னையர் தினத்தன்னிக்கு மெயின் ரோட்டுல பந்தயம். சவால் விட்ட ரெண்டு பேரும் ஜெயிக்கலே. புகை விட்டுக்கிட்டு முட்டை போட்டுக்கிட்டே வந்த ஒரு ஆமை ஜெயிச்சுது. இப்போ அங்கே மூணு நாள் பந்தயம், ஆர்கேட்டாவுலேர்ந்து ஃபெர்ன்டேல் வரைக்கும், மணல்மேடு வளைகுடா எல்லாம் தாண்டி. எங்களுது அதோட கிழக்குக் கரைத் தங்கச்சி.

பரிசு விவரம் கேளு, இது உனக்காகவே எழுதின மாதிரி இருக்கும். பெரிய கௌரவம் முதல்ல வர்றவனுக்கு இல்லே. சரியா நடுவுல வர்றவனுக்கு! 'மீடியாக்கர்' விருது. பாலிடெக்னிக்ல மூணு வருஷமும் நடு ராங்க்லயே உக்காந்து, வாத்தியார்கிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டது யாரு? நீ இங்கே இருந்திருந்தா நிரந்தர சாம்பியன். கடைசிக்கு முந்தின ஆளுக்கும் விருது உண்டு. எல்லாருக்கும் ஞாபகம் நிக்கிற மாதிரி உடைஞ்சு போற வண்டிக்கு 'கோல்டன் டைனோசர்'. தண்ணில விழற அழகுக்கு 'கோல்டன் ஃபிளிப்பர்'. வண்டிக்கு ஒரு சாக்ஸ் பொம்மை கட்டாயம், நம்ம வண்டி முன்னால எலுமிச்சம்பழம் கட்ற மாதிரி. என் மகள் என்னோட நல்ல சாக்ஸ் ஒண்ணை வெட்டிச் செஞ்சுட்டா, ஜோடி அனாதையாக் கிடக்கு.

இன்னொண்ணு. நடுவர்களுக்கு லஞ்சம் கொடுக்கலாம். ஒளிச்சு மறைச்சு இல்லே, நடுத்தெருவுல, பகிரங்கமா! நாங்க முறுக்கு சுத்தலாம்னு இருக்கோம். மின் இணைப்புக்கு நீ அலைஞ்ச கதையை எங்க குழுவுல சொன்னேன். "உங்க நாட்டுலயும் இந்தப் பந்தயம் நடக்குதா?"ன்னு தபால்காரம்மா அப்பாவியாக் கேக்கறா.

குழுன்னா நாலு பேர். எங்க தெருவுக்குத் தபால் போடற அம்மா, பள்ளிக்கூட ஆர்ட் டீச்சர், நான், அப்புறம் பக்கத்து வீட்டுப் பெரியவர். நண்டுன்னு முடிவு பண்ணினது டீச்சர். மேரிலாந்துல நண்டுதான் குலதெய்வம், அதனால மறுப்பே வரலே. வண்டி அகலம் எட்டு அடிக்கு மேல போக முடியாது, ஆனா நண்டு அகலமான ஜீவன் இல்லையா? ராத்திரி பூரா யோசிச்சோம். கடைசில பெரியவர்தான் சொன்னார், நண்டைப் பக்கவாட்டுல திருப்பி வெச்சுடுங்கன்னு. இப்போ வண்டி நேராப் போகுது, நண்டு பக்கவாட்டுல போகுது, அதோட முகம் இடதுபக்க ஜனத்தைப் பார்த்துக்கிட்டு வருது. வலதுபக்கம் நிக்கிறவங்களுக்கு முதுகு தரிசனம்தான். நிஜ நண்டும் அப்படித்தானே போகும்!

நண்டோட முதுகு ஓட்டுக்கு, தேர்தல் முடிஞ்சதும் வாசல்ல கிடக்குமே, அந்தப் பிளாஸ்டிக் அட்டையெல்லாம் பொறுக்கிட்டு வந்தோம். தண்ணில ஊறாது, வெட்டறது சுலபம். உள்பக்கம் இன்னும் வேட்பாளர்கள் சிரிச்சுக்கிட்டு இருக்காங்க. கொடுக்கு ரெண்டும் பிரேக் கேபிள்ல திறந்து மூடும். நுனிக்குச் சிவப்புதான் அடிக்கணும்னு டீச்சர் பிடிவாதம். இங்கத்த நீல நண்டுல பெட்டைக்குத்தான் கொடுக்கு நுனி சிவப்பா இருக்குமாம், நகப்பூச்சு போட்ட மாதிரி. ஆகவே எங்க நண்டு பொம்பளை. "நண்டு கொழுத்தா வளையில தங்காது"ன்னு என் சம்சாரம் தினம் ஒரு தடவை சொல்றா. அது நண்டைப் பத்தி இல்லேன்னு எனக்குத் தெரியும்.

இப்போ வேலைக்கு வர்றேன். வண்டியும் ஆளுமாச் சேர்த்து 600 கிலோ. மிதக்கறதுக்கு 200 லிட்டர் பிளாஸ்டிக் பேரல் நாலு, ரெண்டு பக்கமும் ரெண்டு ரெண்டு. லிட்டருக்கு ஒரு கிலோ தாங்கும்னா கையில 200 கிலோ மிச்சம், அது போதும். மேடுதான் பயம். சாதாரண ஆள் விடாம மிதிச்சா 100 வாட் தருவான், நாலு பேருக்கு 400. அதை வெச்சு 600 கிலோவை ஃபெடரல் ஹில்ல ஏத்தினா, கைத்தடி ஊனிட்டு வர்ற கிழவி நம்மைத் தாண்டிப் போவா. அதனால ரெண்டு கட்டமாக் குறைச்சிருக்கோம். பெடல் பக்கம் 22 பல், நடு ஷாஃப்ட்ல 34. அங்கேருந்து இன்னொரு செயின், 12 பல்லுலேர்ந்து கடைசி ஷாஃப்ட்ல 32. பெடல் நாலு சுத்துக்குச் சக்கரம் ஒரு சுத்து. ஆளுக்கு ஆள் தனி ஃப்ரீவீல், ஒருத்தர் கால் ஓய்ஞ்சாலும் மத்தவங்க மிதிக்கலாம்.

ரோட்டுல பிரமாதமாப் போச்சு. போன வாரம் பின்பக்கத் தோட்டத்துல ஹோஸ் விட்டுச் சேறு பண்ணி ஓட்டிப் பார்த்தோம். சக்கரம் புதைஞ்சுது. நாலு பேரும் எழுந்து நின்னு ஏறி மிதிச்சோம். 'டக்'. பெடல் சுத்துது, செயின் சுத்துது, ஷாஃப்டும் சுத்துது, சக்கரம் மட்டும் சிவனேன்னு நிக்குது. கழட்டிப் பார்த்தா, ஷாஃப்டையும் சக்கரத்தையும் சேர்த்துப் பூட்டற குட்டி இரும்புக் கட்டை, அதான் கீ, ரெண்டு துண்டு. வெட்டு முகம் பளபளன்னு வெண்ணெய்ல கத்தி இறங்கின கணக்கா இருக்கு. 25 மி.மீ. ஷாஃப்ட், 8-க்கு 7 கீ, மைல்ட் ஸ்டீல். ஒவ்வொருத்தரும் 70 கிலோவை 170 மி.மீ. கிராங்க்ல நிறுத்தினா 12 கிலோகிராம்-மீட்டர் முறுக்கு விசை. நாலு பேருக்கு 48, அது இன்டு நாலு. ஷாஃப்ட் விளிம்புல 15 டன் வருது, கணக்குப் போட்டுக்கோ. அதுக்கு அந்தக் கீ எம்மாத்திரம்?

பெரியவர் கீயைக் கையில உருட்டிப் பார்த்தார், ஒண்ணும் சொல்லலே. அவர் ஸ்பேரோஸ் பாயின்ட் எஃகு ஆலைல வெல்டரா இருந்தவர். 1950-களோட கடைசில உலகத்துலயே பெரிய எஃகு ஆலை அது, 30,000 பேர் வேலை பார்த்த இடம். 2012-ல திவாலாகி மூடினாங்க. 2015-ல பெரிய உலையை வெடி வெச்சுச் சாய்ச்சாங்க. இப்போ அங்கே வரிசை வரிசையாக் கிடங்குதான். ஊரே உலை விழறதைப் பார்க்கப் போச்சாம், இவர் போகலே. வீட்ல இருந்து ஜன்னல் சட்டத்துக்குப் பெயின்ட் அடிச்சிட்டு இருந்தேன்னார். வெல்டிங் செட்டும் முகமூடியும் மட்டும் கராஜ்ல இருக்கு. இந்த நண்டுக்காகத்தான் ரொம்ப நாள் கழிச்சு எடுத்திருக்கார். முதல் பீடு, அதான் வெல்டிங் வரி, ஒண்ணை இழுத்துட்டு முகமூடியைத் தூக்கி அதையே பார்த்துட்டு நின்னார். கை நடுங்குது, ஆனா பீடு நடுங்கலேடா.

இதை உனக்குப் புத்தி சொல்ல எழுதலே. உன் கணக்கு எனக்குத் தெரியாதா? கம்ப்யூட்டர்ல ஓடற சி.என்.சி. மெஷின்காரன் ஒரு நாள்ல தள்றதை நீ ஒரு வாரம் கடையறே, ஜாப் ரேட்டு ஏறலே, கரண்டு பில்லு ஏறுது, கத்துக்க ஒரு பையனும் வர்றதில்லே. வட்டி வேற. எட்டாயிரம் மைலுக்கு அப்பால உக்காந்துக்கிட்டு "விக்காதே"ன்னு சொல்ல எனக்கு யோக்கியதை இல்லே. கோழிக்கு இருக்கற அளவுகூட இல்லே, அவனாவது உனக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டவன். ஆனா பேசிட்டு முடிவு பண்ணியா, இல்லே ராத்திரி தூக்கம் வராம முடிவு பண்ணியா? வீட்ல தங்கச்சிகிட்ட சொன்னியா? ரெண்டாவது கேள்விக்காவது பதில் எழுது.

சரி, ஜாப். 25 பத்தாது, 35-க்குப் போகணும்னு நீ சொல்லுவே, அதையே நானும் நெனைச்சேன். ஆனா இங்கே இஞ்ச் கணக்கு, கிடைச்ச ராடு 34.92. சக்கரத்துக்கு நடுவுல ஷாஃப்டைப் பிடிக்கிற ஹப் ரெண்டு வேணும், ஈ.என்.8 எஃகுல. வெளி விட்டம் 80, நீளம் 60, உள் விட்டம் அந்த 34.92-க்கு இழுத்து உக்கார்ற மாதிரி, ஆடக்கூடாது. கீ உக்கார்ற காடி, கீவே, ஒண்ணுக்குப் பதிலா எதிரெதிரா ரெண்டு, 10 அகலம், ஹப்புல ஆழம் 3.3. அந்தக் காடி வெட்டற ஸ்லாட்டிங்கை வழக்கம்போல பக்கத்துப் பட்டறைல போட்டுக்கோ. கீ நாலும் நீயே ஈ.என்.8-ல தேய்ச்சு அனுப்பு, 10-க்கு 8, நீளம் 50, கூட ரெண்டு ஸ்பேர். ஷாஃப்ட்ல கீவே வெட்டறதுக்கு டீச்சர் அவங்க பள்ளிக்கூட மில்லிங் மெஷினைக் கேட்டு வெச்சிருக்காங்க. ஃபிளேஞ்ச் ஓட்டை டிராயிங் வாட்ஸ்அப்ல வரும். இங்கே மெஷின் ஷாப்ல விசாரிச்சேன், கூலி கொடுக்க நண்டையே வித்தாகணும்.

மச்சினன் இந்த மாசம் 22-ந் தேதி கோயமுத்தூர்லேர்ந்து கிளம்பறான். 20-க்குள்ள அவன் கையில கொடுத்துடு. எல்லாம் சேர்த்து அஞ்சு கிலோவைத் தாண்டாது. கைப்பையில வெக்க வேண்டாம்னு சொல்லு, ஏர்போர்ட்டுல அவனை உக்கார வெச்சுக் கேள்வி கேப்பாங்க. கிரீஸ் தடவி பிளாஸ்டிக் சுத்து, போன தடவை மாதிரி தினத்தந்தில சுத்தாதே, அச்சு ஒட்டிக்கும். பில்லு போடு. சிநேகிதம்னு கூலியைக் கழிச்சே, அந்த உக்கடம் ஸ்கூட்டர் விஷயத்தை உன் மருமகள்கிட்ட சொல்லிடுவேன்.

பழனி

பி.கு.: கோழிக்கு நண்டு விஷயம் தெரிய வேண்டாம். பி.எஸ்.ஜி. லேத்துலயே கடைஞ்சுடு, அளவு டாலரன்ஸ் அதுல உனக்கு நல்லா வரும்.