தாத்தா பனையேறி என்று சொல்லு

எய்யா,

திசையன்விளைக்கு நல்லபடியா வந்து சேர்ந்துட்டேன். நீ ரயிலேற்றிவிட்டதிலிருந்து மனசுக்குள் ஒன்று கிடந்து உருளுகிறது. போனில் சொல்ல வராது, அதனால் எழுதுகிறேன்.

பெங்களூரு இந்திரா நகர் நூறடி ரோட்டில் நீயும் உன் கூட்டாளிகளும் என்னைக் கடை கடையாகக் கூட்டிப் போனீர்களே, அந்த நடை எனக்குப் பிடித்திருந்தது. முதல் கடையில் தந்த கோதுமை பீரில் வாழைப்பழ வாசம். பழம் போட்டிருக்கிறதா என்று கேட்டேன். இல்லை, நொதிக்கிறபோது ஈஸ்ட் உண்டாக்குகிற வாசனை என்றான் பீர் காய்ச்சுகிற பையன். அடுத்த கடையில் பீரில் போடுகிற ஹாப்ஸ் பூவின் கசப்பு, நாரத்தங்காய்த் தொலி மாதிரி. கடைசியில் கறுப்பு ஸ்டவுட் பீர். அந்த வறுத்த பார்லி மணத்தில் எனக்குக் கருப்பட்டி காய்ச்சுகிற நம்ம விடிலிக் குடிசையே நினைவு வந்துவிட்டது.

அங்கேதான் உன் கூட்டாளி, தாத்தா என்ன செய்தார் என்று கேட்டான். நீ விவசாயம் என்றாய். எனக்கு வலித்தது, எய்யா.

பங்குனி சித்திரையில் தாத்தா விடியுமுன்னே திளாப்பை, அதான் அந்த நார்வளையத்தை, காலில் மாட்டிப் பனை ஏறுவார். சாயங்காலம் மறுபடியும். பனையின் பூம்பாளையை ஒரு நகக்கனம் கூடுதலாகச் சீவினால் பாளை வீண், குறைத்தால் ஊறாது. பீருக்குப் பார்லியை முளைக்கவிட்டு, காயவைத்து, வெந்நீரில் ஊறப்போட்டு இனிப்பை எடுக்கவேண்டும். பனையில் இனிப்பு அப்படியே சொட்டுகிறது. ஈஸ்ட் காற்றிலேயே இருக்கிறது, சில மணி நேரத்தில் கள்ளாகிவிடும். அதைப் பதநீராக நிறுத்துவது கலயத்துக்குள் தடவுகிற சுண்ணாம்பு. எவ்வளவு தடவவேண்டும் என்பது தாத்தாவின் விரலுக்குத் தெரியும்.

1987-இல் கள்ளுக்குத் தடை வந்தது. அதற்கு மறு வருஷம், ஒரு நாள் சுண்ணாம்பு குறைந்து ஒரு கலயம் புளித்துப்போனது. சோதிக்க வந்தவர்கள் மோந்து பார்த்துவிட்டு, இருந்த கலயம் அத்தனையையும் உடைத்தார்கள். தாத்தா ஒரு வார்த்தை பேசவில்லை. ஆச்சிதான் ராத்திரி முழுக்க அழுதாள். மறுநாள் கடன் வாங்கிப் புதுக்கலயம் எடுத்து, விடியுமுன் ஏறிவிட்டார்.

பீர் காய்ச்சுகிற அந்தப் பையன் பேசப்பேச நீங்கள் எல்லோரும் வாய் பிளந்து கேட்டீர்கள். தாத்தாவிடம் யாரும் அப்படிக் கேட்டு நின்றதில்லை. நானும் கேட்டதில்லை. படித்து வெளியே போய்விட வேண்டும் என்றுதான் எனக்கு இருந்தது. இப்போது கேட்க ஆள் இல்லை.

அடுத்து யாராவது கேட்டால் பனையேறி என்று சொல்லு. சித்திரையில் உன் கூட்டாளிகளைக் கூட்டிக்கொண்டு வா. பனையோலைப் பட்டையில் பதநீர் ஊற்றி, நுங்கு போட்டுத் தருகிறேன். தாத்தாவின் பாளை அரிவாளுக்கு எண்ணெய் தடவி வைத்திருக்கிறேன், நீ பிடித்துப் பார்க்கவேண்டும்.

கடைக்குக் கடை போகிற அன்றைக்கு நடுநடுவே தண்ணீர் குடி, சாப்பிடாமல் போகாதே. வண்டியை வீட்டிலேயே விட்டுவிடு. அம்மா கருப்பட்டி அனுப்பியிருக்கிறாள், எறும்பு ஏறாமல் டப்பாவில் போட்டு வை.

அப்பா